சந்தேகத்தின் பேரில் பிழைப்பைப் பறிக்கலாமா?

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பிறகும், ஒரு பெரியவர் மட்டும் தூணோரமாக அமர்ந்திருந்தார். பள்ளியில் வேறு யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அருகில் வந்தார். "ஹஜ்ரத்! ஒரு மஸ்அலா கேட்கணும். நாலு பேர் காதில் விழக்கூடாதுன்னுதான் காத்திருந்தேன்" என்றார்.

அவருடைய மகன் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓயாத இடுப்பு வலி. உடன் வேலை செய்பவர் ஒருவர் ஒரு சிறு புட்டி எண்ணெயைக் காட்டி, இரவு படுக்கும்போது நாக்கின் அடியில் சில சொட்டு விட்டுக்கொள்ளச் சொன்னார். கடைகளில் பகிரங்கமாக விற்கும் சரக்கு. போதைச் சத்து அறவே இல்லை என்று புட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. பையனும் வாங்கி உபயோகித்தான். வலி குறைந்தது, தூக்கமும் வந்தது. சில வாரங்களில் கம்பெனியில் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. கஞ்சாவின் எச்சம் இருப்பதாக முடிவு வந்தது. வேலை போய்விட்டது.

"அவன் பீடி கூடக் குடிக்காத பிள்ளை ஹஜ்ரத். ஹராமைத் தின்னுட்டானா? வேலை போனது அல்லாஹ் கொடுத்த தண்டனைதானா? மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். 'அண்ணன்காரன் கஞ்சாக் கேஸு'ன்னு அவங்க காதில் விழுந்தா நான் என்ன செய்வேன்?"

பெரியவர் கேட்டவை மூன்று கேள்விகள். முதலாவது ஹலால், ஹராம் பற்றியது. இரண்டாவது நீதியைப் பற்றியது. மூன்றாவது நம்மைப் பற்றியது. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இதுபோன்ற எண்ணெய்ப் புட்டி இன்று பல நாடுகளில் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இந்த எண்ணெய் என்ன?

கஞ்சாச் செடியில் பலவகையான சத்துக்கள் உள்ளன. அவற்றுள் இரண்டை நாம் அறிந்தால் போதும். ஒன்று டி.எச்.சி. எனப்படுவது, மூளையை மயக்கிப் போதை தருவது இதுவே. மற்றொன்று சி.பி.டி. எனப்படுவது, இது அந்தப் போதையைத் தருவதில்லை. இரண்டும் ஒரே செடியில் பிறந்தவையாயினும் குணத்தால் வேறுபட்டவை. போதைச் சத்து மிகக் குறைந்த செடி வகை ஒன்றுண்டு. அதை ஹெம்ப் என்பார்கள். அதன் உலர்ந்த எடையில் 100க்கு 0.3 பங்குக்கு மேல் போதைச் சத்து இல்லாவிட்டால் பயிரிடலாம், விற்கலாம் என்று அமெரிக்க மத்திய அரசு 2018ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. அதன் பிறகே சி.பி.டி. எண்ணெயும் மிட்டாயும் களிம்பும் அங்கே கடைவீதியை நிரப்பின. 2025 நவம்பரில் இந்த வரம்பை வெகுவாக இறுக்கி, ஓராண்டு கழித்து அமலுக்கு வரும்படி வேறொரு சட்டமும் நிறைவேறியது.

இதே சி.பி.டி.யிலிருந்து செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை, குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக அந்நாட்டு மருந்துத் துறை 2018 ஜூன் மாதம் அங்கீகரித்தது. ஆகவே இதனால் மருத்துவப் பயனே இல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. ஆனால் இடுப்பு வலிக்கென்று கடையில் விற்கும் எண்ணெய்க்கு அத்தகைய அங்கீகாரம் கிடையாது. மேற்சொன்ன மருந்தே தூக்கக் கலக்கத்தை உண்டாக்கலாம், கல்லீரலைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையுடன்தான் கொடுக்கப்படுகிறது. இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மார்க்கத்தின் பார்வை

கஞ்சா நம் இமாம்களுக்குப் புதிய விஷயமல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரான இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 794) ஹஷீஷ் ஹராம் என்பதை நிலைநாட்டுவதற்கென்றே தனி நூல் ஒன்று எழுதினார்கள். புத்தியை மறைப்பது எதுவோ, அது திராட்சை ரசமாயினும் இலையாயினும், ஹராம். இதில் ஐயமில்லை.

ஆனால் அதே இமாம்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். இதைத் தடுப்பதற்கான காரணம் போதை. செடியின் பெயரன்று. மதுவைப் போலன்றி இவ்வகைத் தாவரங்கள் நஜீஸ் அல்ல என்று ஷாஃபிஈ இமாம்கள் வகுத்தார்கள். மருந்துக்காக, புத்தியை மயக்காத அளவில் உபயோகிப்பதற்கும் இடம் கண்டார்கள். போதை தராத சத்தை மட்டும் பிரித்தெடுத்து, தேர்ந்த மருத்துவர் நோய்க்கென்று கொடுத்தால், அது கஞ்சாச் செடியில் பிறந்தது என்ற ஒரே காரணத்திற்காக ஹராமாகிவிடாது என்பதே எனக்குப் புலப்படுகிறது. நோயே இல்லாமல் சுகத்திற்காகவும் நாகரிகத்திற்காகவும் உபயோகிப்பது வேறு விஷயம். அந்த வாசலை நான் திறக்க மாட்டேன்.

ஒருவன் போதைப் பொருள் என்று அறியாமல், ஹலாலான மருந்து என்று நம்பி உட்கொண்டால் அவன் மீது பாவமில்லை. பெரியவரின் முதல் கேள்விக்கு விடை இது.

புட்டியின் மேலே ஒன்று, உள்ளே ஒன்று

அப்படியானால் அந்தப் பையனின் சிறுநீரில் எச்சம் எப்படி வந்தது?

சுத்தமான சி.பி.டி. மட்டும் உட்கொண்டவனுக்கு இந்தப் பரிசோதனையில் எச்சம் தெரிய நியாயமில்லை. புட்டிக்குள் இருப்பது மேலே எழுதியிருப்பது போல் இராததே விபரீதத்திற்குக் காரணம். இணையத்தின் வழியே விற்கப்பட்ட 84 சி.பி.டி. சரக்குகளை ஆராய்ச்சியாளர்கள் வாங்கிச் சோதித்து 2017ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, 100க்கு 31 பங்கு சரக்குகளில்தான் எழுத்தும் உள்ளடக்கமும் ஒத்திருந்தன. 18 சரக்குகளில் போதைச் சத்தும் இருந்தது.

அமெரிக்காவில் ஒரு லாரி ஓட்டுநருக்கு நேர்ந்தது இதற்குச் சரியான உதாரணம். விபத்தில் அடிபட்டு வலியால் அவதிப்பட்ட அவர், போதைச் சத்து அறவே இல்லை என்ற விளம்பரத்தை நம்பி 2012ஆம் ஆண்டு இத்தகைய ஒரு சரக்கை வாங்கினார். பின்னர் நடந்த பரிசோதனையில் போதைச் சத்தின் எச்சம் காணப்பட்டது, வேலை போயிற்று. அதே சரக்கை மறுபடி வாங்கித் தனியே சோதனைக்கு அனுப்பியபோது அதில் போதைச் சத்து இருப்பது தெரிந்தது. விற்ற கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரலில் 5 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 நீதிபதிகள் மறுபக்கமுமாக, அவர் தம் வழக்கைத் தொடர்ந்து நடத்தத் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று. கவனியுங்கள்: நஷ்ட ஈடு கிடைத்துவிடவில்லை, அதைக் கேட்கும் உரிமை கிடைக்கவே இத்தனை ஆண்டுகள்!

நபி (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்த சம்பவம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலே காய்ந்த தானியம், அடியில் ஈரம். வியாபாரி மழையைக் காரணம் காட்டினார். ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவனைத் தம்மைச் சேர்ந்தவன் அல்ல என்று அண்ணலார் விலக்கிவிட்டார்கள். அங்கே வாங்குபவன் இழக்கவிருந்தது சில காசுகள்தான். இங்கே ஒரு பொய் எழுத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடுகிறது.

பரிசோதனை எதைக் காட்டுகிறது?

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். எச்சம் இருந்தது உண்மைதானே, அப்படியிருக்க வேலையை விட்டு நீக்கியது நியாயந்தானே என்று சிலர் கேட்கலாம்.

சிறுநீர்ப் பரிசோதனை தேடுவது போதைச் சத்து உடலில் சிதைந்த பின் விட்டுச் செல்லும் எச்சத்தை. இந்த எச்சம் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். அடிக்கடி உபயோகிப்பவனுக்குப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் கூட, நீடிக்கும். போதையோ சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆகவே இப்பரிசோதனை, அம்மனிதன் வேலை நேரத்தில் மயங்கியிருந்தானா என்பதைக் காட்டாது. அவன் எதை, எவ்வளவு, எந்த எண்ணத்துடன் உட்கொண்டான் என்பதையும் காட்டாது. சனிக்கிழமை இரவெல்லாம் குடித்தவன் திங்கட்கிழமை காலை மதுவைத் தேடும் மூச்சுப் பரிசோதனையில் தேறிவிடலாம். ஒரு சொட்டு மதுவையும் தீண்டாமல் வலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டவன் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹுடைய ஒரு சட்டம் என் நினைவுக்கு வருகிறது. மத்ரஸாவில் மின்ஹாஜ் ஓதியவர்கள் அறிவார்கள். மது அருந்தியவனுக்குரிய ஹத்துத் தண்டனை அவன் தானே ஒப்புக்கொண்டாலோ, இரண்டு ஆண் சாட்சிகள் சொன்னாலோதான் நிறைவேற்றப்படும். வாயில் மது வாடை வீசுவதை வைத்தோ, வாந்தியில் மதுவைக் கண்டதை வைத்தோ தண்டிக்கக்கூடாது. ஹனஃபீ மத்ஹபிலும் வாடை மட்டும் போதிய சாட்சியாகாது. மாலிக்கீ மத்ஹபில் வாடையை ஆதாரமாக ஏற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் இமாம்கள் ஏன் மறுத்தார்கள்? அவன் தவறுதலாகக் குடித்திருக்கலாம். யாரேனும் கட்டாயப்படுத்திப் புகட்டியிருக்கலாம். வாடை பொய் சொல்லவில்லை; மது உள்ளே போனது மெய்தான். ஆனாலும் அவன் குற்றவாளி என்பதை அது நிரூபிக்கவில்லை.

வாயின் வாடைக்கும் சிறுநீரின் எச்சத்திற்கும் இந்த விஷயத்தில் என்ன வேறுபாடு? கருவி நுட்பமாகிவிட்டது, ஆனால் அது சொல்லும் சாட்சி அதே பாதிச் சாட்சிதான்.

முதலாளியின் பக்கம்

இனி முதலாளியின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது காழிக்கு அழகல்ல.

ஃபோர்க்லிஃப்டின் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். லாரியின் முன்னே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். ஓட்டுபவனின் மண்டைக்குள் புகுந்து பார்க்க முதலாளிக்கு வழியில்லை. விபத்து நடந்து பிணம் விழுந்த பிறகு இரண்டு சாட்சிகளைத் தேடி என்ன பயன்? மனித உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. இது வலுவான வாதம். இதை நான் அலட்சியம் செய்யவில்லை.

ஆனால் இந்த வாதம் எதை நியாயப்படுத்துகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தவுடன் அவனை வண்டியிலிருந்து இறக்கி வைப்பதை நியாயப்படுத்துகிறது. மறுபரிசோதனை வரை வேறு வேலை கொடுப்பதை நியாயப்படுத்துகிறது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், புட்டியையும் மருத்துவரின் கடிதத்தையும் பார்க்காமல், பிழைப்பைப் பறித்துப் பெயரையும் கெடுத்து வெளியே அனுப்புவதை நியாயப்படுத்தவில்லை. முன்னது பாதுகாப்பு, பின்னது தண்டனை. பாதுகாப்புக்குச் சந்தேகம் போதும். தண்டனைக்குச் சந்தேகம் போதாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தில் முதலாளி வாங்குவது மனிதனை அல்ல. குறித்த நேரத்தில் அவனுடைய உழைப்பின் பயனை. அந்த நேரத்தில் தெளிந்த புத்தியும் கவனமும் முதலாளிக்குரிய ஹக்கு. அதில் குறை வைப்பவன் அமானிதத்தில் மோசம் செய்தவன். ஆனால் இரவில் வலியோடு புரளும் நேரம் அவன் விற்ற நேரமல்ல. அந்த நேரத்தில் அவன் உட்கொண்ட ஹலாலான மருந்து மறுநாள் வேலையைப் பாதிக்காதவரை அதில் முதலாளிக்கு என்ன பாத்தியதை? சளி மருந்து குடித்துக் கண் சொருகி வண்டி ஓட்டுபவனை எந்தச் சிறுநீர்ப் பரிசோதனை பிடிக்கிறது? மயக்கம்தான் கவலை என்றால் மயக்கத்தை அல்லவா தேட வேண்டும்!

அந்நாட்டுச் சட்டம்

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில், ஒப்பந்தப் பாதுகாப்பு இல்லாத ஊழியனை, சட்டம் தடுத்த காரணங்களுக்காக அல்லாமல், முதலாளி எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். ஊனமுற்றோரின் உரிமைக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது; ஆனால் சட்ட விரோதமான போதைப் பொருளை உபயோகித்துவருபவனை அது காப்பதில்லை. 2015ஆம் ஆண்டு கொலராடோ மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கைகால் செயலிழந்த ஓர் ஊழியர், அம்மாநிலச் சட்டப்படியே, வீட்டில் மருந்தாகக் கஞ்சா உபயோகித்தார். வேலையில் மயங்கியிருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் மத்தியச் சட்டத்தில் அது குற்றம் என்ற காரணத்தால் அவரை நீக்கியது செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

பிறகு சில மாநிலங்கள் வேறு வழியில் சிந்திக்கத் தொடங்கின. நியூ ஜெர்ஸியின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், எச்சம் இருந்தது என்பதை மட்டும் வைத்து ஊழியன் மீது நடவடிக்கை எடுப்பதைத் தடுத்தது. கலிபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டமும் ஏறக்குறைய அதே கருத்துடையது. கட்டட வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்களித்திருக்கிறது. ஆனால் லாரி, விமானம், ரயில் போன்ற வேலைகளில் மத்திய அரசின் விதியே செல்லும். பரிசோதனையில் எச்சம் கண்டால், சி.பி.டி. எண்ணெய்தான் உட்கொண்டேன் என்ற விளக்கம் ஏற்கப்படாது என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2020 பிப்ரவரியில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

ஆக, கடையில் விற்பது சட்டப்படி சரி, வாங்குவதும் சரி, வாங்கியவனின் வேலை போவதும் சட்டப்படி சரி! விற்றவன் லாபத்தை எண்ணுகிறான். முதலாளி விதியைக் காட்டுகிறான். சுமை முழுவதும் வலியோடு இருந்தவன் தலையில். நீதி என்பது சுமையைத் தகுந்த தோள்களில் பகிர்ந்து வைப்பதல்லவா?

தொழிலாளியின் கடமை

உரிமையைப் பேசிவிட்டுக் கடமையை விடலாகாது. பிழைப்புக்காகத் தூர தேசம் சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

கடையில் விற்கிறது என்பதால் ஒன்று ஹலாலாகிவிடாது, ஆபத்தற்றதாகவும் ஆகிவிடாது. வலி என்றால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட தாளை வாசியுங்கள். இன்ன பொருளை உபயோகிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நிபந்தனையைக் காப்பது மார்க்கக் கடமை. கண்ணைச் சொருகவைக்கும் எந்த மருந்தையும், அது சட்டப்படி சரியானதாயினும், உட்கொண்டு வண்டியில் ஏறாதீர்கள். பரிசோதனைக்கு முன்பே உண்மையைச் சொல்லுங்கள். வேறொருவரின் சிறுநீரைக் கொடுத்துத் தப்பிப்பது போன்ற தந்திரங்கள் நிரபராதியையும் குற்றவாளியாக்கிவிடும்.

ஒரு நாட்டில் கிடைப்பதை இன்னொரு நாட்டிற்கு எடுத்துச் செல்லாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் ஹாங்காங்கில் 2023 பிப்ரவரி 1 முதல் சி.பி.டி. முற்றாகத் தடை செய்யப்பட்டது. வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை. கடத்தி வந்தால் ஆயுள் சிறை வரை போகலாம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இதன் விபரீதம் பெரிது. நண்பர் கொடுத்த புட்டி என்று சொல்லித் தப்ப முடியாது.

நம் நாவின் பரிசோதனை

மூன்றாவது கேள்வி மீதமிருக்கிறது. சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று அப்பெரியவர் நடுங்கினாரே, அது அமெரிக்க முதலாளிக்குப் பயந்தல்ல, நமக்குப் பயந்து.

கம்பெனிக்காரனாவது ஒரு கருவியை வைத்துச் சோதித்தான். நமக்கு அதுவும் தேவையில்லை. இன்னார் மகனுக்கு வேலை போயிற்றாம் என்ற ஒரு செய்தி போதும். மாலைக்குள் அவன் கஞ்சா அடித்தவன், மறுநாள் விற்றவன், வெள்ளிக்கிழமைக்குள் அவன் தங்கைக்கு வந்த சம்பந்தம் முறிந்துவிடும். சந்தேகங்களை விட்டு விலகுமாறும், பிறர் குறையைத் துருவ வேண்டாமென்றும், புறம் பேச வேண்டாமென்றும் ஹுஜுராத் அத்தியாயத்தில் ஒரே வசனத்தில் அல்லாஹுத்தஆலா தடுத்திருக்கிறான். சந்தேகத்திலிருந்து துருவலும், துருவலிலிருந்து புறமும் பிறப்பதை நம் தெருக்களில் அன்றாடம் காண்கிறோம். கல்லாவில் 500 ரூபாய் குறைந்தவுடன் கடைப் பையனை நிறுத்திவிட்டு, ஊரெல்லாம் திருடன் என்று சொல்லும் நம் முதலாளிமார்களும் தங்கள் உள்ளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். கல்லாச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அவன் பெயரை அழிப்பது தண்டனை.

அன்று பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: "அத்தா! உங்கள் மகன் அறிந்து ஹராமைத் தீண்டவில்லை. வேலை போனதை அல்லாஹ்வின் தண்டனை என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது சோதனையாக இருக்கலாம். மீதி எண்ணெயைக் கொட்டிவிடாமல் புட்டியோடு பத்திரமாக வைத்து, அங்கே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் மறைக்காதீர்கள். நீங்களே போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிறர் வாயால் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல்."

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்களும் கூட வர்றீங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார். சரி என்றேன்.

ஒருவருக்கு நிரபராதி என்று ஃபத்வா சொல்வது எளிது. அவருடன் அந்த வீட்டு வாசல் வரை நடந்து செல்வதும் நம் மீதுள்ள கடன். பொய் எழுத்தால் பிறர் பிழைப்பைக் கெடுக்காத வியாபாரிகளாகவும், சந்தேகத்தின் பேரில் தண்டிக்காத முதலாளிகளாகவும், அமானிதத்தைப் பேணும் தொழிலாளிகளாகவும், பிறர் மானத்தைக் காக்கும் அண்டை வீட்டாராகவும் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.